இடது பக்கம் பாடாத ஹெட்போன்

அந்த ஹெட்போனை வாங்கப் போனது என் நிம்மதிக்காக. தலையில் மாட்டிக்கொள்ள வேண்டியவர் என்னவோ என் கணவர்.

பத்தாங் பெர்ஜுந்தாயில் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் வந்து பாலகிருஷ்ணன் வீடு எது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. எந்த வீட்டிலிருந்து பாட்டு காதைக் கிழிக்கிறதோ அதுதான் வீடு. மனுஷர் எண்ணெய்ப்பனை மில்லில் எஞ்சின் ரூம் வேலை. நான்கு மணிக்கு வருவார், குளிப்பார், கோப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்பீக்கரைத் தட்டிவிடுவார். அதற்குப் பிறகு ஒன்பது மணி வரை என் வீட்டில் எனக்கு இடம் கிடையாது. நான் பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை. காலையிலிருந்து முப்பது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வந்தால், இவர் ஒருத்தரே முப்பது பேருக்குச் சமமாக உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டு விமலாவின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். கைக்குழந்தை தூங்க வேண்டாமா? விமலா இரண்டு முறை வேலியோரம் வந்து நயமாகச் சொன்னாள். மூன்றாவது முறை நயம் இல்லை.

ரவாங்கில் இருக்கிற என் மகன் சரணுக்கு ஹெட்போன் பைத்தியம். தீபாவளிக்கு வந்தபோது தன்னிடம் இருந்ததில் ஒன்றை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். பின்பக்கம் சல்லடை மாதிரித் திறந்திருக்கிற வகை. இவர் அதை மாட்டிக்கொண்டு சத்தத்தைக் கூட்டினார் பாருங்கள், அடுப்படியில் நின்ற எனக்கு வரி வரியாகக் கேட்டது, தகர டப்பாவுக்குள் யாரோ உட்கார்ந்து பாடுவது போல. ஐந்து நிமிஷத்தில் கழற்றி வைத்துவிட்டார். "இது ஸ்பாயில்லா. ஒரு பக்கம் சத்தமே வரல."

சரணுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மா, அது புதுசு மாதிரி இருக்கும். அப்பாவுக்கு எதைத்தான் புடிக்கும்? பின்னால அடைச்சது ஒண்ணு வாங்கிக்கொடு. குளோஸ்டு பேக்குனு கேளு. சத்தம் வெளிய வராது, வெளிச்சத்தம் உள்ளயும் போவாது. செகிஞ்சான்ல ஒரு ஆளு பழைய செட்டு விக்கிறாரு, போட்டுக் கேட்டுட்டு வாங்கலாம்" என்றான் போனில்.

பாட்டுச் சத்தம் மட்டும்தான் எங்களுக்குள் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். சத்தத்தோடு முப்பது வருஷம் வாழ்ந்தவள் நான். என்னால் தாங்க முடியாமல் போனது இவருடைய மௌனம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், கோலா சிலாங்கூரில் ஒரு கிளினிக்கில் என் மார்பில் கட்டி இருக்கிறது என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி வைத்துச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று கடிதம் கொடுத்தார்கள். இவரிடம் பிரஷர் பார்க்கப் போகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். திரும்பி வரும்போது காரில் வைத்து உண்மையைச் சொன்னேன். ஜன்னல் கண்ணாடி இறக்கிவிட்டிருந்தது. இவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல் வெளியே பனைமரங்களைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "கட்டி இருக்காம். எனக்குப் பயமா இருக்குங்க." இவர் "ம்" என்றார். கொஞ்ச தூரம் போய் ஒரு கடையோரம் நிறுத்தி, "பீசாங் கோரெங் சாப்பிடுறியா?" என்று கேட்டார்.

நீங்களே சொல்லுங்கள், கட்டிய மனைவி அப்படி ஒரு சேதியைச் சொல்லும்போது வாழைப்பழப் பொரியலா ஒரு மனுஷனுக்குத் தோன்றும்? நான் வாயை மூடிக்கொண்டேன். அடுத்த மாதம் பள்ளியில் கூட்டம் என்று பொய் சொல்லிவிட்டு, தனியாக கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். ஊசி குத்தியதும் தனியாகத்தான். முடிவு கேட்கப் போனதும் தனியாகத்தான். பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது சந்தோஷத்தைச் சொல்லக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அன்றோடு இந்த மனுஷரிடம் மனசில் உள்ளதைச் சொல்வதை விட்டேன். எப்போதாவது தாங்காமல் ஒன்று சொன்னாலும் அதே "ம்"தான். சமைத்தேன், துவைத்தேன், ஆனால் மன்னிக்கவில்லை.

இந்த வருஷம் முடிவு கட்டிவிட்டேன். வருஷக் கடைசி லீவு விட்டதும் ரவாங்குக்குப் போய் மகனோடு இருந்துவிடுவது. சரண் அறையைக் காலி செய்து வைத்துவிட்டான், கட்டில்தான் பாக்கி. போவதற்கு முன்னால் இவருக்கு ஹெட்போனை வாங்கிக்கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது. நான் இல்லாத வீட்டில் இவர் விமலாவோடு மல்லுக்கு நிற்கக்கூடாது பாருங்கள். அந்த அளவுக்கு ஈரம் எனக்கு இன்னும் இருந்தது.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். காரில் இவர் ஓட்டுகிறார், நான் பக்கத்தில். தஞ்சோங் காராங் தாண்டியதும் சொல்லிவிடுவோம் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டேன். குரலை உயர்த்தவில்லை. இதைக் கத்திச் சொல்ல எனக்கு மனமில்லை.

"லீவு விட்டதும் நான் சரண் வீட்டுக்குப் போறேன். திரும்பி வர மாட்டேன்."

இவர் ரோட்டைப் பார்த்தபடி "ம்" என்றார்.

முப்பது வருஷம் குடும்பம் நடத்தியதற்கு ஒரு "ம்". ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? சரி, இத்தோடு விட்டது சனியன் என்று நானும் செகிஞ்சான் வரை வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஹெட்போன் விற்கிறவர் பெயர் லிம். அரிசிக் கடைக்கு மேல்மாடியில் ஒரே ஓர் அறை, சுவர் முழுக்க ஹெட்போன்கள் தொங்கின. நாற்பது வயதிருக்கும். மலாயில்தான் பேசினார், நடுநடுவே "அண்ணே", "அக்கா" என்று தமிழைத் தூவிக்கொண்டார்.

"எங்க வச்சிக் கேப்பீங்க, அண்ணே?"

"ஹால்ல. பேன் சுத்தும். பக்கத்துல இவங்க டிவி பாப்பாங்க."

"அப்ப அடைச்சதுதான் நல்லது" என்று மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று கனம் குறைவு, ஆனால் காதைக் கவ்வுவது பத்தாது. இரண்டாவது கெட்டியாகக் கவ்வியது. மூன்றாவதில் மெத்தென்று தோல் உறை, காது முழுசும் உள்ளே போய்விடும். இவர் எஞ்சின் ரூமில் காதுமூடி போட்டுப் பழகியவர் அல்லவா, இரண்டாவதை எடுத்து அழுத்திப் பார்த்து, "புடிப்பு இதுலதான் இருக்கு" என்றார். தலைக்கவசம் வாங்க வந்தவர் மாதிரி.

"புடிப்ப விடுங்க, பாட்டக் கேளுங்க" என்றேன்.

லிம்மின் கம்ப்யூட்டரில் இவர் தேடி எடுத்தது பழைய ஜோடிப் பாட்டு ஒன்று. எங்கள் வீட்டில் ஆயிரம் தடவை அலறிய பாட்டு. முதல் ஹெட்போனை மாட்டினார். முகம் சுருங்கியது.

"ஆம்பள பாடுறான். பொம்பள எங்க?"

"என்னா?"

"இந்தப் பாட்டுல பொம்பள பாடுவாங்கல்ல? காணோம். இடது பக்கம் ஸ்பாயில்."

லிம் வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். சரியாக இருக்கிறது என்றார். இரண்டாவதை மாட்டினார். அதிலும் பெண் குரலைக் காணவில்லை. மூன்றாவதிலும் இல்லை. இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னா லிம், எல்லாம் ஓட்ட உடசலா வச்சிருக்க?" என்று கேட்டேவிட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. விட்டுப் போகப்போகிற நேரத்திலும் என் மானத்தை வாங்குகிறாரே என்று இருந்தது.

லிம் கோபப்படவில்லை. பழைய பாட்டுகளில் ஆண் குரலை ஒரு பக்கமும் பெண் குரலை மறுபக்கமும் பதிந்திருப்பார்கள் என்றார். பிறகு, "அண்ணே, கண்ண மூடிக்குங்க" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது ஹெட்போனைக் கழற்றி இடம் வலமாகத் திருப்பி மாட்டினார்.

இவர் கண்ணை மூடியபடியே சிரித்தார். "ஆ, இப்ப பொம்பள வந்துட்டாங்க! ஆனா ஆம்பளையக் காணோம். இன்னமும் இடது பக்கம் ஸ்பாயில்தான்."

லிம் என்னைப் பார்த்தார். எனக்கு உடனே விளங்கவில்லை. திருப்பிப் போட்ட பிறகும் இடது பக்கம்தான் கேட்கவில்லை என்றால், கோளாறு ஹெட்போனிலா இருக்கிறது? அப்போதுதான் உறைத்தது.

லிம் ஹெட்போனைக் கழற்றினார். இவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. நான் போய் இவருடைய இடது தோளுக்குப் பக்கத்தில் நின்று, வீட்டில் பேசுகிற குரலில் "என்னங்க" என்றேன். அசையவில்லை. மறுபடி "என்னங்க" என்றேன். மேலே சுழன்ற பேன் சத்தம்தான் கேட்டது. சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து அதே குரலில் கூப்பிட்டேன்.

"என்னா?" என்று கண்ணைத் திறந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டுக் கட்டிலில் நான் படுப்பது இவருக்கு இடது பக்கம். காரில் நான் உட்காருவதும் இடது பக்கம்தான்.

"அண்ணே, மில்லுல வருஷா வருஷம் காது டெஸ்ட் எடுப்பாங்களே, எடுக்கலையா?" என்று லிம் கேட்டார்.

"எடுப்பாங்க. நான் எல்லா வருஷமும் பாஸ்" என்றார் இவர் பெருமையாக. எப்படி என்றும் சொன்னார், கேட்டுக்கொள்ளுங்கள். டெஸ்ட் எடுக்க ஒரு வேன் வருமாம். கண்ணாடி வைத்த பெட்டி மாதிரி அறைக்குள் உட்கார வைப்பார்களாம். சத்தம் கேட்டதும் பட்டனை அழுத்த வேண்டும். வெளியே மெஷினை இயக்குகிறவரின் முழங்கை கண்ணாடியில் தெரியும். அவர் முழங்கை அசைந்தால் இவர் அழுத்துவார். மில்லில் பாதிப் பேர் அப்படித்தானாம், முதலில் போய் வருகிறவன் வரிசையில் நிற்கிறவனுக்கு முழங்கையைக் காட்டிச் சொல்லிக் கொடுத்துவிடுவானாம். "அந்த சன்னச் சத்தம் யாருக்குலா கேக்கும்? பெயிலானா எஞ்சின் ரூம விட்டு வெளிய போட்டுருவான், வெயில்ல பனைப்பழம் தள்ளணும்" என்று சிரித்தார்.

நானும் லிம்மும் சிரிக்கவில்லை. இவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"எஞ்சின் ரூம்ல இடது பக்கம் என்ன இருக்கு?" என்று லிம் மெல்லக் கேட்டார்.

"டர்பைன்." கொஞ்சம் யோசித்தார். "வாக்கி டாக்கியில மண்டோர் கூப்பிடுவாரு, அதக் கேக்க இடது பக்கத்து மூடிய மட்டும் தூக்கி விட்டுக்குவேன்." மேற்பார்வையாளர் கூப்பிடுவதைக் கேட்க இருபத்திரண்டு வருஷம் அப்படித் தூக்கி விட்டிருக்கிறார். "ஸ்பீக்கர்ல நல்லாத்தானே கேக்குது?"

ஸ்பீக்கர் சத்தம் அறை முழுக்க இருக்கிறது, வலது காதே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும், ஹெட்போன்தான் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாகக் கொடுக்கும் என்று லிம் விளக்கினார். காது டாக்டரிடம் காட்டுங்கள், நான் டாக்டர் இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு அலமாரியிலிருந்து சோப்புப் பெட்டி அளவில் ஓர் ஆம்ப் எடுத்தார். மூன்றாவது ஹெட்போனுக்குப் போனின் சக்தி பத்தாது, நோஞ்சானாகப் பாடும், ஆம்ப் வேண்டும் என்றார். வேறொன்று இதைவிடப் பளபளப்பாக, பாஸ் கூட்டும் திருகோடு இருந்தது. அதை ஒதுக்கிவிட்டார்.

"இதுல மோனோ சுவிட்ச் இருக்கு, அண்ணே. ரெண்டு பக்கத்துப் பாட்டையும் கலந்து ரெண்டு காதுக்கும் ஒண்ணா குடுக்கும்."

சுவிட்சைத் தட்டினார். இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில், "ரெண்டு பேரும் இருக்காங்க" என்றார். அந்தக் குரலில் திமிர் எதுவும் இல்லை. பாவமாக இருந்தது எனக்கு. லிம் சத்தத் திருகுக்குப் பக்கத்தில் சிவப்பு டேப் ஒட்டி, இதைத் தாண்டக் கூடாது, இருக்கிற காதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

பணத்தைக் கொடுத்துவிட்டு இறங்கினோம். ஹெட்போன் டப்பாவைப் பின் சீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினோம். வயல்களைத் தாண்டியதும் இவராகவே, "கொஞ்சம் மந்தம். அவ்வளவுதான். பெருசு படுத்தாத" என்றார்.

நான் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டு, சாதாரணக் குரலில், "ஏங்க, காடிய ஓரமா நிறுத்துங்க" என்றேன்.

"ம்" என்றார். கார் போய்க்கொண்டே இருந்தது. நான் ஏதோ பேசுவது தெரிந்திருக்கிறது, என்ன என்றுதான் விளங்கவில்லை.

என்னால் அடக்க முடியவில்லை. ஆறு வருஷம் இந்த "ம்"முக்காகவா இந்த மனுஷரை வெறுத்தேன்? கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பதறிப்போய் வாய்க்கால் ஓரம் நிறுத்தினார்.

"என்னா ராணி? என்னாச்சு? ஏன் அழுவுற?"

பதில் சொல்லாமல் இறங்கி, காரைச் சுற்றி வந்து, பின்கதவைத் திறந்து இவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். பெரிய சீமாட்டி டிரைவர் வைத்துப் போவது போலத்தான் இருந்திருக்கும். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். முன்னால் சாய்ந்து இவர் வலது காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தேன்.

"ஆறு வருஷத்துக்கு முந்தி என் மாருல கட்டி இருக்குன்னு சொன்னாங்க. இதே காடியில வச்சி உங்ககிட்ட சொன்னேன். பயமா இருக்குன்னு சொன்னேன். நீங்க பீசாங் கோரெங் வேணுமான்னு கேட்டீங்க."

இவர் திரும்பவில்லை.

"இப்பயும் கேக்கலையா?" என்று கத்தினேன்.

"கேட்டிச்சு." கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இப்ப எப்படி இருக்கு?"

"அது அப்பவே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. ஆறு வருஷம் ஆச்சு. நல்லாத்தான் இருக்கேன்."

"ஆஸ்பத்திரிக்கு யாரு கூட வந்தா?"

"யாரும் வரல. பஸ்ல போனேன்."

"தனியாவா போன?"

"பின்ன?"

இவர் நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். இவர் அழுது நான் பார்த்தது மாமியார் செத்தபோது ஒரு தடவை. இது இரண்டாவது. லோரிகள் எங்களை உரசுகிற மாதிரிப் போயின. நான் இவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். திட்டுவதற்கு வைத்திருந்த அத்தனை வார்த்தையும் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வலது காதை என் பக்கம் சாய்த்தார். "வேற என்ன சொன்ன? நான் கேக்காம விட்டது வேற என்ன இருக்கு?"

நிறைய இருந்தது. எதைச் சொல்வது? கடைசியாகச் சொன்னதைச் சொன்னேன்.

"காலையில வரும்போது, உங்கள விட்டுட்டு சரண் வீட்டுக்குப் போறேன், திரும்பி வர மாட்டேன்னு சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"'ம்'னு சொன்னீங்க."

போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை இவருக்கு, அந்த உரிமை தனக்கு இருக்கிறதா என்று தெரியாத மாதிரிப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை முப்பது வருஷத்தில் நான் கண்டதில்லை.

போனை எடுத்து சரணைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு இவர் வலது காதுக்குப் பக்கத்தில் நீட்டினேன்.

"சரண், அந்த ரூமுக்குக் கட்டில் வாங்கிடாத. நான் வரல."

"ஏம்மா? என்னாச்சு? ஹெட்போன் கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சு. அப்பாவுக்கு இடது காது கேக்கலடா. டாக்டர்கிட்ட காட்டணும். நான்தான் கூட்டிட்டுப் போவணும்."

"அதுக்கு நீ ஏம்மா அங்கயே இருக்கணும்? டேட் எடுத்துக் குடுத்தா அப்பாவே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவாருல்ல?"

"தனியாப் போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்டா" என்று சொல்லி போனை வைத்தேன்.